வாய் பொத்தும் கிளிப்

சீட் பெல்ட் போடாமல் கிளம்பினால் கார் 'டிங் டிங்' என்று கத்துகிறது. இந்தச் சத்தத்தை நிறுத்த இரண்டு வழி உண்டு. ஒன்று, பெல்ட்டைப் போட்டுக்கொள்வது. இன்னொன்று, காரின் வாயைப் பொத்துவது.

இரண்டாவது வழிக்கென்றே ஒரு சாமான் இருக்கிறது. பெல்ட்டின் முனையில் இருக்கும் உலோக நாக்கு மாதிரியே ஒரு துண்டு. பெல்ட் செருகும் இடத்தில் அதைச் செருகிவிட்டால், ஆசாமி பெல்ட் போட்டுவிட்டார் என்று கார் நம்பிவிடும். நிஜமான பெல்ட் பாட்டுக்குப் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் பாட்டுக்கு ஓட்டலாம்.

ஏதோ மெக்கானிக் ஷெட்டில் ரகசியமாகக் கைமாறும் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், ஃப்ளிப்கார்ட், ஸ்நாப்டீல், ஷாப்க்ளூஸ், மீஷோ ஆகிய ஐந்து ஆன்லைன் கடைகளுக்கும் இதை விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதையொட்டி நீக்கப்பட்ட விற்பனைப் பக்கங்கள் எத்தனை தெரியுமா? 13,118. சில வியாபாரிகள் இதை பாட்டில் ஓப்பனர் என்றும் சிகரெட் லைட்டர் என்றும் வேஷம் போட்டு விற்றார்கள் என்பதையும் அந்த ஆணையமே சொன்னது. சாராயத்தைக் கஷாயம் என்று விற்ற பரம்பரை அல்லவா, பழக்கம் விடுமா?

நான் காமர்ஸ் படித்தவன். எந்தச் சரக்கைப் பார்த்தாலும் இதை யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். இந்த கிளிப் கணக்கு எனக்கு இடிக்கிறது.

பாருங்கள், போலீஸிடமிருந்து தப்பிக்க வாங்குகிறார்களா என்றால், இல்லை. டிராஃபிக் போலீஸ்காரர் வெளியிலிருந்து உங்கள் தோளைத்தான் பார்க்கிறார். குறுக்கே பெல்ட் இல்லையென்றால் ஓரம் கட்டச் சொல்வார். கிளிப் அவரிடம் செல்லாது. 2019 செப்டம்பரில் அமலுக்கு வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி அபராதம் 1,000 ரூபாய். அதற்கு முன்னால் 100 ரூபாயாக இருந்தது. ஆக, கிளிப் வாங்கக் காசு, மாட்டினால் ஆயிரம், போதாக்குறைக்கு விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி 'உங்கள் அஜாக்கிரதை' என்று கையை விரிக்கவும் ஒரு காரணம். இதையும் ஆணையம் சொல்லியிருக்கிறது. மறுபக்கம், பெல்ட் போட என்ன செலவு? பைசா கிடையாது. காரோடு கொடுத்துவிட்டார்கள். ஃப்ரீயாகக் கிடைப்பதை வேண்டாம் என்று சொல்வதற்குக் காசு செலவழிக்கும் வாடிக்கையாளரை நான் படித்த எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

அதனால் இது பணக் கணக்கு அல்ல, கௌரவக் கணக்கு என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். நம் காசில் வாங்கிய கார், நம்மையே அதட்டுவதா?

இந்தக் கோபம் நமக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பதில் கொஞ்சம் ஆறுதல். அமெரிக்காவில் 1974ஆம் வருஷ மாடல் கார்களில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். முன் சீட்டில் இருப்பவர்கள் பெல்ட் போட்டால்தான் வண்டியே ஸ்டார்ட் ஆகும். உத்தரவு அரசாங்கத்துடையது. நல்ல யோசனைதான். ஆனால் பக்கத்து சீட்டில் மளிகைப் பையை வைத்தாலும் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கார் அடம் பிடித்தது. நாய்க்குட்டிக்கும் பெல்ட் கேட்டது. ஜனங்கள் கொதித்துப் போய் வயரைப் பிடுங்கினார்கள். எம்.பி.க்களுக்குக் கடிதம் எழுதித் தள்ளினார்கள். வியட்நாம் யுத்தத்தை நிறுத்த வருஷக் கணக்கில் எடுத்துக்கொண்ட அமெரிக்க காங்கிரஸ், இந்த விஷயத்தில் சில மாதங்களில் பணிந்தது. 1974 அக்டோபரிலேயே சட்டம் திருத்தப்பட்டது. அதோடு விட்டார்களா? பெல்ட்டுக்காக அடிக்கும் மணி 8 செகண்டுக்கு மேல் அடிக்க வேண்டும் என்று எந்த அதிகாரியும் உத்தரவிடக் கூடாது என்றும் சேர்த்து எழுதிவைத்தார்கள். 8 செகண்ட்! அந்தத் தடையை நீக்க 2012 ஆயிற்று.

அங்கே அதற்கப்புறமும் சண்டை ஓயவில்லை. 1984இல் முதன்முதலாக நியூயார்க் மாநிலம் பெல்ட்டைக் கட்டாயமாக்கியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சட்டம் வந்ததும் ஒரு ரேடியோ பேச்சாளர் அதற்கு எதிராக ஊரைத் திரட்டி, 1986இல் பொது வாக்கெடுப்பில் சட்டத்தையே தூக்கி எறிந்துவிட்டார்கள். மறுபடி அது திரும்பி வர 1994 ஆனது. நியூஹாம்ப்ஷயர் என்றொரு சின்ன மாநிலம் இருக்கிறது. 'சுதந்திரமாக வாழ் அல்லது செத்துப் போ' என்பது அதன் கொள்கை வாசகம், கார் நம்பர் பிளேட்டிலேயே பொறித்திருப்பார்கள். வயது வந்தவர்களுக்கு பெல்ட் சட்டமே இல்லாத ஒரே அமெரிக்க மாநிலம் இதுதான். வாசகத்தின் இரண்டாவது பாதியையும் சீரியஸாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

இங்கிலாந்தில் நாடாளுமன்றம் இதைப் பத்து வருஷம் பேசியது. டி.வி.யில் விளம்பரமாகப் போட்டுக் கெஞ்சினார்கள். அப்படியும் முன் சீட்டில் பெல்ட் போட்டவர்கள் நூற்றுக்கு நாற்பது பேர்தான். 1983 ஜனவரி 31ஆம் தேதி கட்டாயம் என்று ஆனது. உடனே தொண்ணூறைத் தாண்டிவிட்டது. போலீஸ் ஒவ்வொரு காராக நிறுத்தி எண்ணிக்கொண்டிருக்கவில்லை. வெள்ளைக்காரன் சட்டத்துக்குக் கட்டுப்படுவான், நாம் மாட்டோம் என்று உடனே சொல்லாதீர்கள். அமெரிக்காவிலும் 1980களின் ஆரம்பத்தில் பெல்ட் போட்டவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர்கூடத் தேறாது. இன்று தொண்ணூறு. அதே ஆட்கள்தான், அவர்கள் பிள்ளைகள்தான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். பெல்ட் போடாததற்கு நம்மவர்கள் சொல்லும் காரணங்களை நான் கொஞ்ச நாளாகச் சேகரித்துக்கொண்டிருக்கிறேன். சட்டை கசங்குகிறது, தொப்பை அழுந்துகிறது, பக்கத்துத் தெருவரைக்கும்தானே என்பதெல்லாம் சில்லறைக் காரணங்கள். விட்டுவிடலாம். கொஞ்சம் கனமானவை சில இருக்கின்றன.

"பெல்ட் போடாததாலதான் சார் எங்க மச்சான் பொழச்சான். வண்டி உருண்டப்போ வெளிய தூக்கி எறிஞ்சிருச்சு, இல்லேன்னா உள்ளயே நசுங்கியிருப்பான்." இந்த மச்சானை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். எல்லாக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஒரு மச்சான் இருக்கிறார். பொய் என்று நான் சொல்லவில்லை. அப்படியும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் வெளியே தூக்கி எறியப்பட்டுச் செத்துப் போன மற்ற மச்சான்கள் யாரும் பந்திக்கு வந்து தங்கள் கதையைச் சொல்வதில்லை. பிழைத்தவர் ஓட்டு மட்டும் எண்ணப்படும் தேர்தல் இது. முன் சீட்டில் பெல்ட் போட்டவர் விபத்தில் இறக்கும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைகிறது என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட கணக்கு. பாதி என்றால் மீதிப் பாதிப் பேர் பெல்ட் போட்டும் சாகிறார்கள் என்றுதானே அர்த்தம்? ஆமாம். அது தாயத்து அல்ல.

தீப்பிடித்தால், தண்ணீரில் விழுந்தால் கழற்ற முடியாதே என்பார்கள். தீயோ தண்ணீரோ, வெளியே வர வேண்டுமானால் முதலில் நினைவு இருக்க வேண்டும். கண்ணாடியில் தலை மோதி மயங்கிக் கிடப்பவருக்குக் கதவு திறந்திருந்தும் பிரயோஜனம் இல்லை.

தாயத்து என்றதும் ஞாபகம் வருகிறது. நம்மைப் போலப் பாதுகாப்பில் அக்கறையுள்ள ஜனங்களை வேறெங்கும் பார்க்க முடியாது. புது வண்டி எடுத்தால் நேரே கோயில். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பம்பரில் திருஷ்டிக் கயிறு, டேஷ்போர்டில் பிள்ளையார். இதையெல்லாம் நான் கேலி செய்யவில்லை. ஏதாவது நடந்துவிடுமோ என்ற பயம் நமக்கு நன்றாகவே இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாகச் சொல்கிறேன். பயமே இல்லாதவனிடம் பெல்ட்டைப் பற்றிப் பேசிப் புண்ணியமில்லை, நாம் அப்படி இல்லை. வண்டிக்குக் கயிறு கட்டுகிறோம், உள்ளே இருக்கும் ஆளைக் கட்டுவதற்கு மட்டும் வெட்கப்படுகிறோம்.

வெட்கம்தான். ஒரு சிநேகிதரின் காரில் பின்னால் ஏறி பெல்ட்டைத் தேடிப் பாருங்கள். "என்ன சார், என் டிரைவிங் மேல நம்பிக்கை இல்லையா?" என்று ஒரு கேள்வி வரும். கையை எடுத்துவிடுவீர்கள். உயிரைவிட அவர் மனசு புண்படக் கூடாது என்பது பெரிதாகிவிடுகிறது. எதிரே வரும் லாரிக்காரர் டிரைவிங் மேல் நம்பிக்கை இல்லை என்று சொல்லிப் பார்க்கலாம், எடுபடுகிறதா என்று.

பின் சீட்டு இந்த ஊரில் ஒரு விசேஷமான இடம். பெரிய மனிதர்கள் உட்காரும் இடம். பெல்ட் டிரைவருக்கு, யூனிஃபார்ம் மாதிரி. முதலாளி எதற்குப் போட வேண்டும்? 2022 செப்டம்பர் 4ஆம் தேதி அகமதாபாத் மும்பை நெடுஞ்சாலையில், பால்கர் பக்கம் சூர்யா நதிப் பாலத்தில் ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் மோதியது. டாடா குழுமத்தின் தலைவராக இருந்த சைரஸ் மிஸ்திரியும் பக்கத்தில் இருந்த நண்பரும் இறந்தார்கள். இருவரும் பின் சீட்டு, இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்றது போலீஸ். முன் சீட்டில் இருந்த இருவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். காரில் என்ன குறை? உலகத்தில் உள்ள பாதுகாப்பு வசதியெல்லாம் அதில் இருந்தது.

அப்புறம் பத்து நாள் தேசமே பின் சீட்டு பெல்ட்டைப் பற்றிப் பேசியது, புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138ஆவது விதி அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே அங்கே தூங்கிக்கொண்டிருந்தது. மும்பை போலீஸ் 2022 நவம்பர் 1 முதல் எல்லோருக்கும் கட்டாயம் என்றதும், எங்கள் பழைய வண்டியில் பின்னால் பெல்ட்டே கிடையாதே என்று டாக்சிக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். நியாயமான கேள்வி.

"என் உயிர், என் இஷ்டம். கவர்மெண்டுக்கு என்ன?" என்ற வாதத்தை இந்தப் பின் சீட்டில் வைத்துப் பார்த்தால்தான் அதன் யோக்கியதை தெரியும். மணிக்கு 50 கிலோமீட்டரில் போய் மோதுவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். காரை நிறுத்த முன்னால் ஒரு சுவரோ லாரியோ இருக்கிறது. பின்னால் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் எழுபது கிலோ ஆசாமியை எது நிறுத்தும்? முன் சீட்டு. அதில் உட்கார்ந்திருப்பது உங்கள் மனைவியாக இருக்கலாம், உங்கள் டிரைவராக இருக்கலாம். உங்கள் இஷ்டம் அவர்கள் முதுகில் போய் இடிக்கிறது. மடியில் குழந்தையை இறுக்கிப் பிடித்திருப்பதாக நினைக்கும் அம்மாவுக்கும் இதே கணக்குதான். அந்த வேகத்தில் மோதும்போது பத்து கிலோ குழந்தையை முந்நூறு கிலோ மாதிரி முன்னால் இழுக்கும். எந்த அம்மாவின் கையும் தாங்காது, பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பதினான்கு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு பெல்ட்டோ தனி இருக்கையோ இல்லையென்றால் அதற்கும் ஆயிரம் ரூபாய் என்று 2019 திருத்தத்தில் இருக்கிறது. யாருக்காவது போட்டதாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

தனியாகவே ஓட்டுகிறேன், நான் செத்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பவருக்கு காமர்ஸ்காரன் பதில் ஒன்று உண்டு. உங்கள் லாபம் உங்கள் கணக்கில், உங்கள் நஷ்டம் பொதுக் கணக்கில். அரசு ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் படுக்கை, இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டும் மற்ற ஆயிரம் பேர், பாதிச் சம்பளத்தில் நிற்கும் வீடு. எல்லோரும் உங்கள் பார்ட்னர்கள்தான், கையெழுத்துப் போடாத பார்ட்னர்கள்.

படித்தவர்கள் இன்னும் நாகரிகமான ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். சாம் பெல்ட்ஸ்மன் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1975இல் ஒரு கட்டுரை எழுதினார். காரில் பாதுகாப்பைக் கூட்டினால் டிரைவர் தைரியமாகி இன்னும் வேகமாக ஓட்டுவார், பலன் அடிபட்டுப் போகும் என்பது சாராம்சம். (பெல்ட்டை எதிர்த்தவர் பெயரிலேயே பெல்ட் இருப்பது கடவுளின் விளையாட்டு.) பொருளாதாரக்காரர்களுக்கு இது மிகவும் பிடித்த கட்டுரை. மனித சுபாவம் அப்படிக் கொஞ்சம் உண்டு என்று நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் பெல்ட் போட்ட தைரியத்தில் ஓ.எம்.ஆரில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் ஆளை நான் பார்த்ததில்லை. மிதிப்பவர்கள் பெல்ட் போடாதவர்களாகவே இருக்கிறார்கள்.

ஏர்பேக் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. உங்கள் ஸ்டியரிங்கில் எஸ்.ஆர்.எஸ். என்று மூன்று எழுத்து இருக்கும். முதல் எஸ் சப்ளிமென்டல். துணைக்கு வருவது என்று அர்த்தம். எதற்குத் துணை? பெல்ட்டுக்கு. பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்ந்து வரும் முகத்தில், கண் சிமிட்டுவதற்குள் வெடித்து விரியும் பை அறைந்தால் அதுவே ஆபத்து. ஷோரூமில் "எத்தனை ஏர்பேக்?" என்று கேட்டு அதற்காக லட்சம் ரூபாய் கூடக் கொடுத்துவிட்டு, வாசலில் இறங்கும்போதே ஒரு கிளிப்பும் ஆர்டர் போடுகிறவரைப் பார்த்தால், மெயின் மீல்ஸை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்பளத்துக்குச் சண்டை போடுகிறவர் ஞாபகம் வருகிறது.

ஒரு புள்ளிவிவரம். மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715. டிரைவர்கள் 8,384, பயணிகள் 8,331. கிட்டத்தட்ட சரிபாதி என்பதைக் கவனியுங்கள். பத்திரிகைகள் இதை 'பெல்ட் போடாததால் இறந்தவர்கள்' என்று போட்டன. அது சரியில்லை. போடாமல் இறந்தவர்கள், அவ்வளவுதான். போட்டிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது. பாதிப் பேர் பிழைத்திருந்தால்கூட எட்டாயிரம் குடும்பம். ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் அதே வருஷம் 50,029.

"முதல்ல ரோட்டைப் போடுங்கய்யா, அப்புறம் பெல்ட்டைப் பத்திப் பேசலாம்" என்பது டீக்கடை வாதம். இதற்கு மட்டும் என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. பள்ளம் தோண்டி மூடாமல் போகும் கான்ட்ராக்டருக்கு ஸ்பாட் ஃபைன் கிடையாது, பெல்ட் போடாத எனக்கு உண்டு என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஷேர் ஆட்டோவில் பன்னிரண்டு பேர் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே போலீஸ்காரர் மாருதியை மடக்கும்போது சட்டத்தின் மேல் மரியாதை வராது, சந்தேகம்தான் வரும். 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது என்ன நடந்தது? ஹெல்மெட் கடைகளில் ரேஷன் கடைக் கூட்டம். விலை எகிறியது. பிளாட்பாரத்தில் விற்ற தொப்பி மாதிரிச் சரக்கையெல்லாம் வாங்கி, போலீஸைக் கண்டால் தலையிலும் இல்லாவிட்டால் பெட்ரோல் டேங்க் மேலும் வைத்துக்கொண்டோம். அபராதத்துக்கான பொருளாக அது வந்தது, தலைக்கான பொருளாக வரவில்லை. பெல்ட்டுக்கும் அதே கதி. தூரத்தில் காக்கிச் சட்டை தெரிந்ததும் பெல்ட்டை இழுத்து மடியில் பிடித்துக்கொண்டு, தாண்டியதும் விட்டுவிடும் கலையில் நாம் தேர்ச்சி பெற்றிருக்கிறோம். கொக்கியில் மாட்ட ஆகும் நேரத்தைவிடப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம் அதிகம்.

ஆனாலும் ரோடு மோசம் என்பது பெல்ட் போடுவதற்கான காரணமே தவிர, போடாததற்கான காரணம் அல்ல. கூரை ஒழுகுகிறது, அதனால் குடை வாங்க மாட்டேன் என்று யாராவது சொல்வார்களா?

மூன்று முனை பெல்ட்டைக் கண்டுபிடித்த நில்ஸ் போலின் என்ற ஸ்வீடன்காரர் அதற்கு முன்னால் விமானங்களில் பைலட்டைத் தூக்கி வெளியே எறியும் இருக்கைகளை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். வோல்வோவுக்கு வந்து, ஆளை உள்ளேயே பிடித்து நிறுத்தும் வேலையை எடுத்துக்கொண்டார். 1959இல் பெல்ட் தயார். வோல்வோ அந்தக் காப்புரிமையைத் தனக்கென்று பூட்டி வைக்காமல் மற்ற கம்பெனிகளும் செய்துகொள்ளட்டும் என்று திறந்துவிட்டது. ஒரு கம்பெனி லாபத்தை விட்டுக்கொடுத்த கதை வியாபார உலகத்தில் அபூர்வம். அதனால்தான் நீங்கள் வாங்கும் காரில் அது தனி பில் இல்லாமல் வருகிறது.

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புது அபராதத் தொகைகள் அமலுக்கு வந்தபோது, ஆயிரமா என்று எல்லோரும் அலறினோம். தொகையைக் கூட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. யாரிடம் வாங்குகிறோம் என்பதில்தான் இருக்கிறது. ஒரு கால் டாக்சியில் ஏறிப் பின் சீட்டில் பெல்ட்டைத் தேடுங்கள். தோள் பக்கத்தில் பெல்ட் கிடைக்கும். அதை மாட்டும் பக்கிள் கிடைக்காது. புது சீட் கவர் போடும்போது அதை உள்ளே தள்ளித் தைத்துவிடுவார்கள். டிரைவரைக் கேட்டால் "பின்னாடி யாரும் போட மாட்டாங்க சார்" என்பார். போட நினைத்தாலும் முடியாத பயணிக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் என்றால் அது என்ன நியாயம்? வாடகை வண்டிகள் எஃப்.சி.க்குப் போய்த்தானே ஆக வேண்டும். ஹெட்லைட், பிரேக், புகை பார்ப்பதோடு பின் கதவைத் திறந்து, சீட்டு இடுக்கில் பக்கிள் கைக்கு வருகிறதா என்று பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு தடவை துழாவிப் பார்க்கட்டும். வரவில்லையென்றால் சர்டிஃபிகேட் கிடையாது. ஒரு வண்டிக்கு அரை நிமிஷ வேலை. அதுவரைக்கும் டாக்சியில் ஏறுகிறவர்கள் சீட் கவர் ஓரத்தில் விரலை விட்டு நோண்டிக்கொள்ள வேண்டியதுதான். சில வண்டிகளில் பக்கிளோடு பழைய டிக்கெட்டும் கடலை உருண்டையும் சேர்ந்து வரும்.